அம்மா உட்கார்ந்தார், அவ்வளவுதான்

சனிக்கிழமை ஒரு மாலில் கால் வலித்து உட்கார்ந்த என் அம்மாவை எழுப்பிவிட்ட விஷயத்தை இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாலு வரிப் பதிவில் புலம்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் அதற்குக் கீழே வந்த கருத்துகளை ராத்திரி ஒரு மணி வரை படித்ததில் தூக்கம் போனதுதான் மிச்சம். "தனியார் இடம் சார், அவங்க ரூல்ஸ்." "வயசானவங்களை ஏன் மாலுக்கு இழுத்துட்டுப் போறீங்க?" "என்ன, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுன்னு நினைச்சீங்களா?" இந்த மூன்றாவதைச் சொன்னவர் என்னோடு கல்லூரியில் படித்தவர். எங்கள் வீட்டில் இதே அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். சரி, மறந்திருப்பார்.

அதனால் இன்னொரு தடவை நிதானமாகவே சொல்கிறேன். 72 வயதுப் பெண்மணி. இரண்டு முழங்காலும் தேய்மானம். பொருள் வாங்க வந்த இடத்தில் கால் வலித்தது, உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிடவில்லை. வெற்றிலை போட்டுத் துப்பவில்லை. யாருடைய வழியையும் மறிக்கவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

எங்கே உட்கார்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனது. தரைத்தளத்தில் ஒரு பெரிய செடித் தொட்டி. அதைச் சுற்றிக் கறுப்பு கிரானைட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, ஓர் அடி அகலம் இருக்கும். யார் பார்த்தாலும் உட்காரத் தோன்றும். கிட்டே போனால்தான் தெரியும், அந்தக் கிரானைட் மேல் சாண் சாணாக இடைவெளி விட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு எஃகுக் குமிழ்களைப் பதித்திருக்கிறார்கள். அழகுக்கு என்று நினைத்தேன். உட்கார்ந்தால் குத்த வேண்டும், அதற்காகத்தான் அவை. யாரோ ஒருவர் அளவெடுத்து, வரைந்து, செலவு போட்டு, ஒப்புதல் வாங்கி, உட்கார முடியாதபடி செய்திருக்கிறார். அம்மா இரண்டு குமிழுக்கு நடுவே ஒருக்களித்து, ஒரு கையைக் கல்லில் ஊன்றி, பாதி உடம்பை வைத்திருந்தார். மடியில் கட்டைப்பை. தொட்டியில் இருந்த செடிகூட பிளாஸ்டிக்தான், தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாதான் சொன்னார்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. செக்யூரிட்டி பையன் வந்தான். வடக்கத்திப் பையன், மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிறது. "அம்மா, இங்க நோ சிட்டிங்மா" என்று மெதுவாகத்தான் சொன்னான். கண் மட்டும் மேலே கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பொய் சொல்ல வேண்டாம், அப்போது இருந்தது, இப்போது இல்லை. அம்மா "சரிப்பா, சரிப்பா" என்று எழுந்தார். எழுந்தார் என்று எழுதிவிடலாம், அந்த எழுந்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் கை, அப்புறம் முதுகு, அப்புறம் ஒரு மூச்சு, கடைசியில்தான் முழங்கால்.

அங்கே ஏன் போனோம் என்று கேட்டவர்களுக்கு: அக்கா மகளுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அவள் இன்ஸ்டாகிராமில் பார்த்து வைத்த லெஹங்கா அந்த ஒரு கடையில்தான் இருக்கிறதாம். பாட்டி வந்து பார்த்துச் சரி என்றால்தான் எடுப்பேன் என்று அவள் பிடிவாதம். "நான் எதுக்குடா, நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் அம்மா சொன்னார். நான்தான் வாங்கம்மா, ஏசியில் ஜாலியாக இருக்கும் என்று கூட்டிப்போனேன்.

கடைக்குள் போனோம். 18,000 ரூபாய்க்கு பில் போட்ட கடை. லெஹங்காவைப் பார்த்து, போட்டு, கழற்றி, வேறு நிறம் கேட்டு, மறுபடி போட்டு, எல்லாம் முடிய ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் அம்மா ஒரு தூணில் சாய்ந்து நின்றார். உட்கார ஏதாவது போடுங்களேன் என்று கேட்டேன். விற்பனைப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு "இல்லையே சார்" என்றது. உண்மையில் நாற்காலி ஒன்று இருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில், பச்சை வெல்வெட் போட்ட நாற்காலி. அதில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. "அது டிஸ்பிளே சார்." பொம்மைக்கு முழங்கால் வலிக்கும் போல.

பிறகு உட்கார வைப்பதற்காகவே காபிக் கடைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு காபி, ஒன்று 320 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 672. அம்மா அரைக் கோப்பை குடித்துவிட்டு, பில்லை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார். "இந்தக் காசுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியே வாங்கியிருக்கலாமேடா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

இப்போது கருத்து சொன்ன பெருமக்களுக்கு வருகிறேன்.

"ஃபுட் கோர்ட்டில் நாற்காலி இருக்கிறதே." இருக்கிறது, மூன்றாவது மாடியில். எஸ்கலேட்டர் என்றால் அம்மாவுக்குப் பயம், முதல் படியில் கால் வைக்கவே பத்து யோசனை. லிஃப்ட் கட்டடத்தின் அந்தக் கோடியில், தள்ளுவண்டிக் குழந்தைகளோடு நாலு குடும்பம் வரிசையில். கால் வலிக்கிறவர் உட்காருவதற்காக முதலில் கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்கிறீர்கள். நல்லது.

"உட்கார விட்டா எல்லாரும் உட்கார்ந்துடுவாங்க." ஆமாம், உட்காருவார்கள். மனிதர்கள் அப்படித்தான். அதில் உங்களுக்கு என்ன போயிற்று?

"தனியார் இடம்." இது கொஞ்சம் நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் கட்டிடம், அவர்கள் கரண்ட் பில். ஆனால் இது என் வீட்டு ஹால் மாதிரி தனியார் இடமா? வாங்க வாங்க என்று பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்துக் கூப்பிட்டதே அவர்கள்தானே? 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அவர்களும் எங்கள் இடம், எங்கள் விதி என்றுதான் சொன்னார்கள். அதே வருடம் தமிழக அரசு சட்டம் போட்டது. வேட்டிக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஆக, உங்கள் இடம் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. வேட்டி கட்டியவரை உள்ளே விடச் சட்டம் வந்துவிட்டது. உள்ளே விட்டபின் உட்கார விட யார் சட்டம் போடுவது?

இந்த இடத்தில் நான் திண்ணையைப் பற்றிப் புலம்பப் போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே கணக்கு இருந்தது எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது கடையைப் பற்றி. அப்பா கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பெரிய கடையெல்லாம் இல்லை, பத்துக்கு இருபது. அதில் பாதி இடத்தை மெத்தை அடைத்துக்கொண்டிருக்கும், வெள்ளைத் துணி விரித்து. அதில் உட்கார முடியாதவர்களுக்கு இரண்டு ஸ்டூல். நிற்கிறவன் விலை கேட்பான், உட்கார்ந்தவன் துணி எடுப்பான் என்பார் அப்பா. எனக்கு ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் முதல் உத்தியோகமே வந்தவர்களுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டுத் தண்ணீர் கொடுப்பதுதான். அப்பா ஒன்றும் தர்மவான் இல்லை. அது வியாபாரம். தி.நகரில் கூட்டம் பிதுங்கும் கடைகளில்கூட இன்றும் பட்டுப் பிரிவுக்குப் போனால் "உட்காருங்கம்மா, என்ன விலையில பாக்கறீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தக் கும்பகோணம் கடைக்காரரின் மனைவியை, ஒரு காலத்தில் அந்த மெத்தையில் உட்கார்ந்து கல்யாணப் புடவை எடுத்தவரை, 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு தூணில் நிறுத்தி வைத்தீர்கள்.

மால் என்றாலே அப்படித்தான், உட்கார இடம் விட்டால் வாங்க மாட்டான் என்று ஒரு தம்பி வியாபார நுணுக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். தம்பி, இந்த மூடிய, ஏசி போட்ட மாலை முதன்முதலில் வடிவமைத்தவர் விக்டர் குருன் என்கிற வியன்னாக்காரர். ஹிட்லர் காலத்தில் அமெரிக்காவுக்குத் தப்பிப்போன யூதர். 1956-இல் மினசோட்டாவில் சவுத்டேல் என்ற மாலைத் திறந்தபோது நடுவில் பெரிய முற்றம் வைத்தார், மரம் வைத்தார், கூண்டில் பறவை வைத்தார், ஜனங்கள் உட்கார்ந்து பேச இடம் வைத்தார். அவர் மனதில் இருந்தது வியன்னாவின் சதுக்கமும் காபிக் கடையும். பின்னால் வந்தவர்கள் முற்றத்தை விட்டுவிட்டுக் கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டதைப் பார்த்து நொந்துபோய், கடைசிக் காலத்தில் இவற்றுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றே சொல்லிவிட்டார். ஆக, உட்கார இடம் விடாதது மாலின் பிறவிக் குணம் இல்லை. பிற்பாடு வந்த வியாதி.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அதே தொட்டியின் அந்தப் பக்கம், இருபதடி தள்ளி, அம்மா வயதுள்ள இன்னொரு அம்மா உட்கார்ந்திருந்தார். பேன்ட், குட்டை முடி, மடியில் ஒரு கைப்பை. அந்தப் பையின் விலையில் எங்கள் லெஹங்கா நாலு எடுக்கலாம் போல. நாங்கள் கிளம்பி லிஃப்ட் பக்கம் போகும் வரை அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் அம்மா நூல் புடவை, கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. எல்லாவற்றிலும் இதைக் கொண்டுவராதே என்பீர்கள். சரி, அந்தப் பையன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்திருக்கலாம், அப்புறம் போய்ச் சொல்லியிருக்கலாம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்றில், மகன் கையில் சினிமா டிக்கெட்டோடு வந்த வயதான விவசாயியை வேட்டிக்காக வாசலில் நிறுத்தினார்களே, அது வீடியோ இல்லாமல் இருந்தால் அவரிடமும் நிரூபிக்க ஒன்றும் இருந்திருக்காது. வீடியோ வந்ததால் அரசே அந்த மாலை ஒரு வாரம் மூடப்போவதாக அறிவித்தது. இல்லாவிட்டால் அவருக்கும் "ரயில்வே ஸ்டேஷன்னு நினைச்சீங்களா"தான்.

அந்த விற்பனைப் பெண்ணை நான் திட்டியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். திட்டவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்தது, அது வேறு. காபி குடிக்கும்போது அம்மா சொல்லித்தான் எனக்கு உறைத்தது, அந்தப் பெண் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்ததாம். செருப்பிலிருந்து குதிகாலை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டு. வலிக்கிறவருக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று ஆக்கியாயிற்று. அதற்கு முன்பே கேரளாவில், கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் உட்காருவதற்காகவே வருடக்கணக்கில் போராடி, 2018-இல் சட்டம் வாங்கினார்கள். நான் நின்ற ஐம்பது நிமிடத்தில் அந்தக் கடையில் கண்ணில் பட்ட ஒரே இருக்கையில் பொம்மைதான் இருந்தது. எனக்கு ஸ்டூல் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெண்?

"வாசலில் வீல்சேர் தருவார்கள், கேட்டிருக்கலாமே." இதைப் பத்துப் பேராவது எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அம்மா உட்கார்ந்திருக்க மாட்டார், அது தனி விஷயம். இதைப் பற்றி இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

எந்த மால் என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான், சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் அது ஒன்றுதான் அப்படி என்று ஆகிவிடும். நீங்கள் அடிக்கடி போகிற மாலில் கடையில் காசு கொடுக்காமல் உட்கார எத்தனை இடம் இருக்கிறது என்று அடுத்த தடவை எண்ணிப் பாருங்கள். எண்ண ஒரு கை போதும் என்று நினைக்கிறேன்.

பில் போடும்போது போன் நம்பர் கேட்டார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது, அதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனால் அம்மா தூணில் நிற்கும்போது கவுண்டரில் சட்டம் பேச முடியவில்லை, கொடுத்துவிட்டேன். நேற்றுக் காலை அந்த நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி. உங்கள் ஷாப்பிங் அனுபவம் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று. இணைப்பைத் தட்டி எழுத ஆரம்பித்தேன். "என் அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலும்" என்பதைத் தாண்டி இன்னும் ஒரு வரி போயிருப்பேன், பெட்டி சிவப்பாகிவிட்டது. 100 எழுத்துக்கு மேல் ஏற்காதாம்.