சனிக்கிழமை ஆறு மணி

நார்வேயின் பெர்கன் நகரத்தில் பகலெல்லாம் மழையில் நனைந்துவிட்டு, சனிக்கிழமை மாலை 6 மணி 5 நிமிடத்துக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனேன். பீர் அலமாரியை மூடிவிட்டார்கள். கடை திறந்திருக்கிறது, பால் ரொட்டி எல்லாம் கிடைக்கிறது, பீர் மட்டும் கிடையாது! நார்வே சட்டப்படி வார நாட்களில் இரவு 8 வரை, சனிக்கிழமை 6 வரைதான் விற்கலாம். ஞாயிறு அறவே இல்லை. அதுவும் 4.7 சதவீத ஆல்கஹால் வரைக்கும்தான். அதைவிடக் கடுமையானது வேண்டுமென்றால் 1922-இல் தொடங்கிய அரசின் வின்மோனோபோலே கடை, அது சனிக்கிழமை இன்னும் சீக்கிரமே மூடிவிடும். பாருக்குப் போனால் அரை லிட்டர் கிட்டத்தட்ட 100 குரோனர்.

குடியைக் கட்டுப்படுத்தட்டும், நல்லதுதான். ஆனால் வெளியூர்க்காரனுக்குத் தெரிகிற மாதிரி வாசலிலேயே நேரத்தை எழுதிவைக்கக் கூடாதா? ஐந்தே நிமிஷம்!