லைக் போடுவதும் உழைப்பா?

இணையத்தில் நாம் செய்வதும் யாருக்கோ லாபம் தரும் வேலைதான் என்று சொல்லும் ‘டிஜிட்டல் உழைப்பு’ என்ற சொல்லை முதலில் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. படுத்துக்கொண்டே ரீல்ஸ் தள்ளுவதற்குக் கூலி கேட்பார்களோ என்று நினைத்தேன்.

சிரிப்பை நிறுத்தியது காப்சா. ‘நான் ரோபோ இல்லை’ என்று நிரூபிக்க நெளிந்த எழுத்துகளைத் தட்டியிருப்போமே, அதேதான். 2007இல் வந்த அதன் ஒரு வகையான ரீகாப்சா அன்று இரண்டு சொற்களைக் காட்டியது. ஒன்றுக்கு விடை அதற்கே தெரிந்திருந்தது. நமக்கான பரீட்சை அது. இன்னொன்று, பழைய நூல்களையும் நியூயார்க் டைம்ஸ் இதழ்களையும் ஸ்கேன் செய்தபோது கணினி படிக்கத் திணறிய சொல். நாம் தட்டத் தட்டத்தான் அது எழுத்தானது. 2009இல் கூகுள் ரீகாப்சாவை வாங்கியது. அப்புறம் கூகுளின் வீதிப் படங்களில் இருந்த கதவு எண்களும் வந்தன. யாரும் வேலைக்குச் சேரவில்லை, ஆனால் வேலை முடிந்துவிட்டது. இதற்கு ஒரு பெயர் வேண்டாமா?

யோசனை இணையத்துக்கும் மூத்தது. தொலைக்காட்சி விளம்பரதாரருக்கு விற்பது பார்வையாளர்களைத்தான் என்று ஊடக ஆய்வாளர் டல்லாஸ் ஸ்மைத் 1977இலேயே எழுதிவிட்டார். ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் அரட்டை அறைகளைக் கட்டி மேய்த்த தன்னார்வலர்கள் 1999இல் கூலி கேட்டு வழக்கே போட்டார்கள். 2010இல் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

என் சண்டை வேறு. இந்தச் சொல்லை இழுத்து இழுத்து எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டார்கள். சின்னச் சின்ன வேலைகளை இணையத்திலேயே ஆட்களிடம் கொடுத்து வாங்கும் தளமான அமேசானின் மெக்கானிக்கல் டர்க் 2005இல் வந்தது. உள்ளே ஆளை ஒளித்துவைத்து, தானே சதுரங்கம் ஆடுவதாகக் காட்டிய 18ஆம் நூற்றாண்டுப் பொம்மையின் பெயர் அது. (பெயர் வைத்தவருக்கு மனசாட்சி இருந்ததா, இல்லவே இல்லையா, இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.) அந்தத் தளத்தில் சில காசுக்குப் படங்களை வகைபிரிப்பவரின் வேலையை, வேலை கொடுத்தவர் ‘சரியில்லை’ என்று தள்ளிவிட்டால் காசு கிடையாது. செய்த வேலை மட்டும் கொடுத்தவரிடமே இருக்கும்.

படங்களை வகைபிரிக்கும் அவரும் லைக் போடும் நானும் ஒரே தொழிலாளியா? நான் நாளைக்கே நிறுத்தினால் எனக்குத் தூக்கம் கூடும். அவர் நிறுத்தினால் அன்றைய வருமானம் போச்சு. இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும் சொல் என்னைப் புகழுகிறது, அவரை மறைக்கிறது.

அதற்காகச் சொல்லையே தூக்கிப்போடச் சொல்லவில்லை. ‘தானாக இயங்குகிறது’ என்று விற்கப்படும் எதைப் பார்த்தாலும் ‘உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்?’ என்று கேட்க வைக்கிறதே, அந்த ஒன்றுக்காகவே வைத்துக்கொள்ளலாம். என் லைக்குக்குக் கூலி வேண்டாம். தள்ளிவிட்ட வேலைக்கு ஏன் தள்ளினோம் என்ற பதிலும், வைத்துக்கொண்ட வேலைக்குக் காசும் அவருக்கு வேண்டும்.

இதை எழுத உள்நுழையும்போதுகூட, போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தட்டச் சொன்னது. கம்பத்தையும் சேர்க்கணுமா?