தே தாரிக்கை நிறுத்தினால் முன்பணம் சேராது
வெளிச் சாப்பாட்டையும் தே தாரிக் என்னும் பால் தேநீரையும் குறைத்தால் இளையோர் வீடு வாங்கலாம் என்ற கட்டுரையின் கணக்கு பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் தேறாது. 250,000 வெள்ளி வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் 25,000. நாளுக்கு 10 வெள்ளி மிச்சம் பிடித்தாலும் ஏறக்குறைய 7 ஆண்டு. வழக்கறிஞர் கட்டணம் வேறு. மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் தோட்டத்துப் பிள்ளை இன்னும் எதைக் குறைப்பது? வீட்டுக் கடன் கிடைக்காமல் கெடுப்பது பெரும்பாலும் மோட்டார் தவணை பாக்கியும் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பாக்கியும்தான்: கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையில் கடைசி 12 மாதப் பதிவை வங்கி பார்க்கும், ஓராண்டு முன்பே சீராக்குங்கள். ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்தும் வீட்டுக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே விண்ணப்பிக்க முடியும், அதனால் முதலில் கட்டும் பணம் கையில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் அரசின் எஸ்ஜேகேபி வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் பற்றி வங்கியில் அவசியம் கேளுங்கள்.