பிரேக்குக்குத் தேங்காய் எண்ணெய்

(காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு. வளவில், அதாவது உள்முற்றத்தில், தூணோரம் பிரம்பு நாற்காலியில் ஆச்சி. எதிரே அவருடைய சக்கர நாற்காலி. பம்பும் ஸ்பேனர் பையுமாகச் சைக்கிள் கடைப் பாண்டி வருகிறார்.)

பாண்டி: என்ன ஆச்சி, வண்டி ஓடவில்லையாமே?

ஆச்சி: ஓடவில்லை என்று யார் சொன்னது? நிற்கவில்லை என்றுதான் சொன்னேன். பிரேக்கைப் போட்டுவிட்டு உட்காரப் போனால், அது பாட்டுக்கு இரண்டாம் கட்டுக்குக் கிளம்பிவிடுகிறது.

பாண்டி: (டயரைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்து) தேங்காய் எண்ணெயா?

ஆச்சி: செக்கில் ஆட்டியது. கடை எண்ணெய் என்று நினைத்துவிடாதே.

பாண்டி: டயருக்கா ஆச்சி?

ஆச்சி: தரைக்குப்பா. ஆத்தங்குடிக் கல் பளபளவென்று இருக்க வேண்டாமா? என் மாமியார் காலத்திலிருந்து எண்ணெய் போட்டுத்தான் துடைக்கிறோம். மிச்சம் கொஞ்சம் இருந்தது. பிரேக் வேறு கிறீச் கிறீச் என்றது. அதற்கும் ஒரு கரண்டி விட்டேன்.

பாண்டி: தரையில் எண்ணெய், டயரில் எண்ணெய், பிரேக்கில் எண்ணெய். இனி அடுப்பைப் பற்றவைத்தால் பணியாரமே சுடலாம். ஆச்சி, இந்தப் பிரேக் என்பது டயரை அழுத்திப் பிடிக்கிற ஒரு கட்டை, அவ்வளவுதான். உரசினால்தான் பிடிக்கும். எண்ணெய் விட்டால் வழுக்காமல் என்ன செய்யும்?

ஆச்சி: சரி, சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடவா?

பாண்டி: வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். அப்புறம் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. தரைக்கும் நாற்காலி போகிற வழியில் மட்டும் எண்ணெயை நிறுத்துங்கள்.

ஆச்சி: வழியில் மங்கல், ஓரத்தில் பளபளப்பு. சம்பந்தி வீட்டார் வந்தால் என்ன நினைப்பார்கள்?

பாண்டி: நீங்கள் விழுந்து கிடப்பதைப் பார்ப்பதைவிட இது பரவாயில்லை. (டயரை அமுக்கி) காற்று எப்போது அடித்தது?

ஆச்சி: மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும்போதே உள்ளே இருந்தது.

பாண்டி: அதற்குப் பிறகு அடிக்கவே இல்லையா?

ஆச்சி: பிள்ளை வாங்கிக் கொடுத்ததை எதற்கு மாற்ற வேண்டும்?

பாண்டி: அந்தச் சிங்கப்பூர்க் காற்று பாதிக்கு மேல் ஊருக்குத் திரும்பிவிட்டது. டயர் தொய்ந்தால் பிரேக் கட்டை எட்டாது. எட்டினாலும் சரியாக அழுத்தாது. வலது பக்கம் ரொம்பவே இறங்கியிருக்கிறது, வண்டி அந்தப் பக்கமே இழுத்திருக்குமே?

ஆச்சி: ஆமாம்! சாமி அறைக்குத் தள்ளு என்றால் அடுப்படிக்கே போகும். அதற்கும் பசிக்கிறது போல என்று நினைத்தேன்.

பாண்டி: (பம்ப் அடித்தபடி) எவ்வளவு காற்று வேண்டும் என்று டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள், பாருங்கள். காற்றை நிரப்பிவிட்டுத்தான் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். முதலில் பிரேக்கை முறுக்கிவிட்டு அப்புறம் காற்றடித்தால் சக்கரமே சுற்றாது.

ஆச்சி: காற்றே வேண்டாத டயர் இருக்கிறதாமே?

பாண்டி: கெட்டி டயர். பஞ்சர் தொல்லை கிடையாது. ஆனால் இந்த வீட்டு நிலைப்படிகளில் ஏறி இறங்கினால் உங்கள் இடுப்பு என்னைத் திட்டும். (குனிந்து) இதென்ன, சட்டத்தில் சொட்டை சொட்டையாக?

ஆச்சி: விலாசம் வெட்டியிருக்கிறது. பேர் வெட்டுகிற ஆளைக் கூப்பிட்டு நான்தான் வெட்டச் சொன்னேன்.

பாண்டி: சக்கர நாற்காலியிலா!

ஆச்சி: பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், ஒரு கரண்டி விடாமல் வெட்டியிருக்கிறது. இதை மட்டும் விட்டால், பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போய் வீடு திரும்புமா?

பாண்டி: ஆச்சி, அது அண்டா இல்லை. குழாய். உள்ளே வெற்று.

ஆச்சி: வெற்றா? அவ்வளவு விலை கொடுத்தானே!

பாண்டி: வெற்றாக இருப்பதால்தான் உங்கள் பேத்தியால் தூக்க முடிகிறது. உளி பட்ட இடத்தில் மேல்பூச்சு போய்விட்டது, துரு அங்கேதான் பிடிக்கும். விரிசல் விட்டாலும் அங்கேதான் விடும். அடுத்த முறை ஒரு துணிப்பட்டையில் எழுதிக் கட்டுங்கள். குளிப்பாட்டுவது உண்டா?

ஆச்சி: வெள்ளிக்கிழமை தவறாமல், கிணற்றடியில்.

பாண்டி: பேரிங்குக்குள் தண்ணீர் போய் அது உள்ளேயே அழுதுகொண்டிருக்கும். இனித் துடைத்தால் போதும். (பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தள்ள, ரப்பர் உறை கழன்று கையோடு வருகிறது)

ஆச்சி: அது எப்போதும் வரும். மாட்டிவிடு.

பாண்டி: சரிவில் இப்படி வந்தால் உறை என் கையில், நீங்கள் ரோட்டில்! புது உறை போட்டுத்தான் ஆக வேண்டும். அதென்ன, இந்தப் பக்கம் இரண்டு பை தொங்குகிறது?

ஆச்சி: முறுக்கு டின்னும் மனகோலமும். பக்கத்து வீட்டுக்கு.

பாண்டி: நீங்கள் எழுந்ததும் வண்டி அண்ணாந்துவிடும் ஆச்சி. பலகாரம் மடியில் வரட்டும். எழுந்திருக்கும்போது கால்பலகையை மடக்கிவிட்டு எழுந்திருங்கள். அதன் மேல் நின்றால் வண்டி முன்பக்கம் கவிழும்.

ஆச்சி: பேத்தி அதில் ஏறித்தான் ஊறுகாய் ஜாடி எடுக்கிறாள்.

பாண்டி: (தலையில் கை வைத்து) ஏணி இல்லாத வீடா இது! சரி, மெத்தையையும் பார்த்துவிடலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பேத்தி அடியில் கையை விட்டுப் பார்க்கட்டும். எலும்பு கையில் இடித்தால் மெத்தை அமுங்கிப்போய்விட்டது என்று அர்த்தம். மாற்றாவிட்டால் புண் வரும்.

ஆச்சி: இலவம்பஞ்சு போட்டுத் தைத்துக்கொள்கிறேன்.

பாண்டி: அதுவும் சீக்கிரம் கட்டிதட்டிவிடும். எது சரி என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். (முன் சக்கரத்தைக் கழற்றுகிறார்) அப்பப்பா, இதுதான் திணறுகிறது! எத்தனை பேர் தலைமுடி? பூ கட்டின நார், சேலை நூல்...

ஆச்சி: என் கண்டாங்கி நூல்! முந்தானை மாட்டி இழுத்ததே, அன்றைக்கு வந்தது.

பாண்டி: முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காருங்கள். (ஊசியால் குடைகிறார், 'டிங்' என்று ஏதோ விழுகிறது) இதென்ன, மினுக்கென்று?

ஆச்சி: (எட்டிப் பார்த்து) அடி ஆத்தி! என் வைரத்தோட்டுத் திருகாணி! இதற்காகச் சின்ன மருமகளோடு ஆறு மாதமாகப் பேசாமல் இருக்கிறேனேப்பா!

பாண்டி: போய்ப் பேசிவிடுங்கள் ஆச்சி.

ஆச்சி: அது இருக்கட்டும். இந்தச் சக்கரத்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்?

பாண்டி: மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆச்சி: நீ வாரம் ஒருமுறை வந்துவிடு. ஒரு மூக்குத்தி இன்னும் பாக்கி இருக்கிறது.