சல்யூட் அடிக்காத சைக்கிள்காரர்

மூன்று வாரங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மணிக்கு 30 மைல் வேக எல்லையுள்ள ஒரு வீதியில் என் கார் 36 மைல் வேகத்தில் சென்றதை வீதியோரக் கமரா படம் பிடித்ததாகவும், அந்த நேரத்தில் அதை ஓட்டியவர் யார் என்பதை 28 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் பொலிஸார் அதில் கேட்டிருந்தார்கள். உறையைப் பிரித்து வாசித்ததும் என் வாயிலிருந்து வந்த முதற்சொல் "கொள்ளைக்காரர்". இங்கிலாந்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கார் ஓடுகிற எனக்கு, அந்தச் சொல்லை யாரை நோக்கிச் சொன்னேன் என்று யோசிக்க இரண்டு நாட்கள் எடுத்தன.

இலண்டன் தமிழரிடையே இதற்கென்றே ஒரு வசனம் உண்டு: "கமரா அடிச்சுப்போட்டுது." மழை அடித்தது, வெயில் அடித்தது என்பதைப் போலத்தான். அடித்தது கமரா, அடிபட்டவன் நான். "நான் எல்லையை மீறி ஓடினேன்" என்று இந்த நாட்டில் ஒரு தமிழரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளையர்கள் சொல்லியும் கேட்டதில்லை. களவெடுத்து அகப்பட்டவனைப் பார்த்து நாம் வெட்கப்படுகிறோம், வேகமாக ஓடி அகப்பட்டவனைப் பார்த்து "எந்த இடத்தில் அண்ணை கமரா?" என்று அனுதாபத்தோடு விசாரிக்கிறோம். கமராவைப் பற்றிய நம்முடைய எல்லா முறைப்பாடுகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்: வேகத்தை நாம் குற்றமாகவே எண்ணவில்லை, ஆகவே அதற்கு வாங்கும் பணம் நமக்குக் களவாகத் தெரிகிறது.

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விருந்துகளில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விடயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். பேருந்துத் தடத்தில் ஓடியதற்கும், மஞ்சட் கட்டமிட்ட சந்தியில் நின்றதற்கும் வருகிற கடிதங்கள் வேறு. இலண்டனின் சிவப்புக் கோட்டு வீதிகளில் (வாகனம் நிறுத்தத் தடையுள்ள பிரதான வீதிகளில்) 2022 ஜனவரி முதல் அவற்றுக்கான தொகை 160 பவுண்ட், விரைந்து கட்டினால் பாதி. உள்ளூராட்சி அமைப்புகளின் கைக்குப் போவது இந்த வகைப் பணம். வேகத்துக்கான தண்டப்பணமோ அரசின் திறைசேரிக்குப் போகிறது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் 2007 வரை, கமராக்களை நடத்தும் செலவைத் தண்டப்பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ள பொலிஸாரும் உள்ளூராட்சி அமைப்புகளும் சேர்ந்த உள்ளூர்க் கூட்டமைப்புகளுக்கு அனுமதி இருந்தது உண்மை. அந்த ஏழாண்டுகளில் முளைத்த சந்தேகம், ஏற்பாடு முடிந்து இத்தனை காலமாகியும் வாடவில்லை. பணம் பறிப்பதுதான் நோக்கமென்றால் கமராவுக்குப் பளிச்சென்று மஞ்சள் பூசி, அது வருவதற்கு முன்பே பலகையும் நட்டு வைப்பார்களா என்று கேட்டால், கேட்டவனை அரசாங்கத்தின் ஆள் என்பார்கள்.

இந்தக் கோபம் கமராவோடு பிறந்ததுமல்ல. 1896 ஜனவரியில் கென்ட் மாவட்டத்தின் பாடக் வுட் என்ற ஊரில், 2 மைல் எல்லையுள்ள இடத்தில் 8 மைல் வேகத்தில் போன வோல்டர் ஆர்னோல்ட் என்பவரை ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். தண்டம் ஒரு ஷில்லிங். அதற்கு ஒன்பது ஆண்டுகளின் பின், 1905இல், இன்று பழுதான வாகனங்களுக்கு உதவ வரும் ஏ.ஏ. என்ற சங்கம் தொடங்கப்பட்டது. மஞ்சள் வாகனத்தில் வந்து பற்றரியை மாற்றித்தரும் அந்த நல்லவர்கள், தொடக்கத்தில் செய்த வேலை பொலிஸார் மறைந்திருந்து வேகம் அளக்கும் இடங்களைப் பற்றிக் கார்க்காரர்களுக்கு முன்கூட்டியே எச்சரிப்பதுதான். சைக்கிளில் நிற்கும் சங்க ஊழியர் கையசைத்துச் சொல்லிவிடுவார். 1910இல் நீதிமன்றம் அவ்வாறு எச்சரிப்பது பொலிஸாரின் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பளித்ததும், சங்கம் ஒரு தந்திரம் செய்தது. சங்கச் சின்னம் பூட்டிய கார் வந்தால் ஊழியர் சல்யூட் அடிக்க வேண்டும். அடிக்காமல் நின்றால் முன்னால் பொலிஸார் இருக்கிறார்கள் என்பது குறிப்பு; காரை நிறுத்தி ஏன் அடிக்கவில்லை என்று கேட்கும்படி உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. சல்யூட் அடிக்காததற்கு எந்த நீதிபதி தண்டிக்க முடியும்? இன்று கைத்தொலைபேசிச் செயலி "முன்னால் கமரா" என்று சொல்லுகிறபோது, எனக்கு அந்தச் சைக்கிள்காரர்தான் நினைவுக்கு வருகிறார்.

எவரும் மதிக்காத சட்டம் எதற்கு என்ற வாதம் ஒருமுறை வென்றும் இருக்கிறது. 20 மைல் என்றிருந்த பழைய எல்லையைப் பிரித்தானியா 1930இல் கார்களுக்கு முற்றாக நீக்கியது. 1934இல் மட்டும் வீதிகளில் 7,343 பேர் இறந்தார்கள். அப்போது நாட்டில் இருந்த வாகனங்கள் ஏறத்தாழ 24 இலட்சம். 1935 மார்ச்சில், கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளுக்கு 30 மைல் எல்லை வந்தது. இன்று நான்கு கோடிக்கு மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன, 2023இல் இறந்தவர்கள் 1,624 பேர். இதில் ஆசனப்பட்டிக்கும், காரின் கட்டமைப்புக்கும், மருத்துவமனைகளுக்கும் பங்கு உண்டு. எல்லாம் கமராவின் புண்ணியம் என்று நான் சொல்ல வரவில்லை. வேல்ஸில் 2023 செப்டெம்பரில் 30 மைலை 20 ஆக்கியபோது நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

மேலதிகமான ஆறு மைலில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நானும் கேட்டேன். என் வேகம் எல்லையை அதிகம் தாண்டவில்லை என்பதால், தண்டமும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏறும் தண்டப் புள்ளியும் இல்லாமல் வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகும் வாய்ப்பைத் தந்தார்கள். தொண்ணூறு பவுண்டுக்குச் சற்றுக் கூடிய கட்டணம், அதில் ஒரு பகுதி பொலிஸாருக்குத்தான் போகிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கணினித் திரையில் நடந்த அந்த வகுப்பில், தெருவிளக்குகள் உள்ள, வேறு பலகைகள் இல்லாத வீதியின் எல்லை என்ன என்று கேட்டபோது பாதிப்பேருக்கு விடை தெரியவில்லை. முப்பது. எனக்கும் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.

அந்த வகுப்பில் காட்டிய எண்களை வைத்து வீட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீதி விதிமுறை நூலின்படி, 30 மைலில் வரும் கார் முழுதாக நிற்க 23 மீற்றர் வேண்டும்: மூளை உணர்ந்து கால் பிரேக்கை மிதிப்பதற்குள் 9 மீற்றர், மிதித்த பின் 14. 40 மைலில் அது 12 மீற்றரும் 24 மீற்றரும், மொத்தம் 36. இப்போது 23 மீற்றருக்கு அப்பால் ஒரு பிள்ளை வீதியில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 30இல் வந்தவர் பிள்ளையின் முன்னால் நின்றுவிடுவார். 40இல் வந்தவர் அந்த இடத்துக்கு வரும்போது பிரேக் பிடித்தது வெறும் 11 மீற்றர்தான். அசைவின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், கணக்கின்படி அவர் அந்தப் பிள்ளையை அடையும்போதும் ஏறத்தாழ 29 மைல் வேகத்தில் இருப்பார். பத்து மைல்தான் கூடுதலாக ஓடினார், ஆனால் மற்றவர் நின்றுவிட்ட இடத்தில் இவர் இருபத்தொன்பதில் போய்க்கொண்டிருக்கிறார். இந்த விடை வந்ததும் பிழையோ என்று மீண்டும் போட்டுப் பார்த்தேன். இன்னொன்று: வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பது சட்டம். ஆகவே கமரா 36 என்றபோது என் முள் 36இலோ அதற்கு மேலோ நின்றிருக்கும். "கவனிக்கவில்லை" என்பதுதான் என் சாட்டு. அந்தச் சாட்டே குற்றத்தைவிட மோசம்.

கடிதம் வந்த வாரத்தில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் இதைச் சொன்னபோது, என்னைவிட இளையவர் ஒருவர் மிகுந்த அக்கறையோடு ஆலோசனை சொன்னார்: "அண்ணை, மாமாவின்ர லைசென்ஸ் சுத்தமாத்தானே கிடக்கு. அவர் இப்ப கார் ஓடுறதும் குறைவு. அவரின்ர பேரைப் போட்டு அனுப்புங்கோவன்." நம்மவர்கள் தண்டப்பணத்தைவிட அஞ்சுவது புள்ளிகளுக்குத்தான். குறைந்தபட்சத் தண்டம் 100 பவுண்டும் 3 புள்ளிகளும். மூன்றாண்டுக்குள் 12 சேர்ந்தால் ஓட்டத் தடை. சாரதி அனுமதிப்பத்திரம் பெற்ற இரண்டாண்டுக்குள் 6 சேர்ந்தாலே அது ரத்தாகி மீண்டும் பரீட்சைக்குப் போக வேண்டும். காப்புறுதிக் கட்டணம் ஏறுவது தனிக்கதை. அதற்காகப் பெயரை மாற்றிப் போடுவது சிறைக்குப் போகக்கூடிய குற்றம். பிரித்தானிய அமைச்சராக இருந்த கிறிஸ் ஹ்யூன், 2003இல் தன் வேகக் குற்றத்தின் புள்ளிகளை அப்போதைய மனைவி விக்கி பிரைஸ் ஏற்றதாகக் காட்டினார். பத்தாண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், இருவருக்கும் எட்டெட்டு மாதச் சிறை. இதில் கொடுமை என்னவென்றால், எந்த அனுமதிப்பத்திரத்தைக் காப்பாற்ற அந்தப் பொய் சொல்லப்பட்டதோ, அதை ஹ்யூன் அதே 2003இல் கைத்தொலைபேசியோடு கார் ஓடி அகப்பட்டு இழந்தும்விட்டார். இதைச் சொன்னதும் தம்பி சிரித்தார்: "அது அமைச்சர் அண்ணை. எங்களை ஆர் தேடப் போகினம்?"

கமராக்காரர்களின் பக்கம் முழுமையாகச் சாய்வதற்கும் எனக்கு மனமில்லை. 100 பவுண்ட் என்பது பொதி விநியோகம் செய்து பிழைக்கும் ஒருவருக்கு ஒரு நாட் கூலி. வங்கி அதிகாரிக்கு ஒரு மதிய உணவு. பொதிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படும் ஒருவரை வேகமாக ஓடச் செய்வது அந்தக் கணக்குத்தான், அதை எந்தக் கமராவும் படம் பிடிப்பதில்லை. பின்லாந்தில் தண்டம் வருமானத்தைப் பொறுத்தது: 2023இல் ஓலண்ட் தீவுகளில், 50 கிலோமீற்றர் எல்லையில் 82இல் போன தொழிலதிபர் ஆண்டர்ஸ் விக்லோஃப் 1,21,000 யூரோ கட்டினார். இங்கும் நீதிமன்றம் வரை போனால் வார வருமானத்தைப் பார்க்கிறார்கள், ஆனால் மோட்டார்வேயில் 2,500 பவுண்ட், மற்ற வீதிகளில் 1,000 பவுண்ட் என்ற உச்சவரம்பு வசதியானவரைக் காப்பாற்றிவிடுகிறது. கொள்ளை என்ற சொல்லுக்கு எங்காவது இடமுண்டென்றால் அது இங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களும் எல்லையை மீறும்போது சாரதியை எச்சரிக்க வேண்டும். பிரித்தானியா அந்த விதியை ஏற்கவில்லையாயினும், இங்கு விற்கப்படும் பல கார்களிலும் அது வருகிறது. அதே தம்பி அண்மையில் அப்படியொரு கார் வாங்கியிருக்கிறார். "முப்பத்தொண்டில போனாலே கத்துது அண்ணை" என்று அலுத்துக்கொண்டார். அணைத்து வைத்தாலும், காரை அடுத்தமுறை இயக்கும்போது அது தானாகவே மீண்டும் விழித்துக்கொள்கிறதாம். இப்போது அவர் காரில் ஏறியதும், ஆசனப்பட்டியைப் போடுவதற்கு முன்பே இரண்டு பொத்தான்களை அழுத்தி அதன் வாயை மூடுகிறார். எப்படி மூடுவது என்று காட்டும் யூடியூப் காணொளியை நேற்றிரவு எனக்கும் அனுப்பியிருந்தார். என் காரில் அந்த வசதியே இல்லை.