மூலையில் கிடக்கும் பேட்டரி

கிராமத்துக் குடும்பங்கள் சூரிய மின்சாரத்துக்கு மாறத் தயங்குவது ஏன் என்று கேட்டால், ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குடும்பங்கள் போடும் கணக்கு மிகவும் கறாரானது.

சோலார் பலகை 25 ஆண்டு உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனுடன் வரும் ஈய அமில பேட்டரியை 3 முதல் 5 ஆண்டுக்குள் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆளின்றி, உள்ளே தகடு தெரியுமளவுக்கு வற்றி, முனைகளில் வெண்பச்சைப் பூச்சு படிந்த ஒரு பேட்டரி பக்கத்து வீட்டு மூலையில் கிடந்தால் போதும், அந்தத் தெருவில் அடுத்த பலகை ஏறாது. கூரையிலுள்ள பலகையில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் பார்ப்பவர்களுக்கு ‘சோலார் சரிப்படாது’ என்பதுதான் மனதில் நிற்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, விலையைக் காட்டிலும் அது கேட்கப்படும் விதம்தான் இடிக்கிறது. மண்ணெண்ணெயைக் கைக்காசுக்கு ஏற்பக் கால் லிட்டராகவும் வாங்கலாம். சூரிய மின்சாரமோ பல ஆண்டுச் செலவை முதல் நாளே எடுத்துவைக்கச் சொல்கிறது. அறுவடைக்கு அறுவடை வருமானம் பார்க்கும் வீட்டுக்கு அது எளிதல்ல. கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா கைபேசிப் பணப் பரிமாற்றம் பரவிய பிறகு, சிறு முன்பணம் போக மீதியை நாள் தவணையாகக் கட்டும் முறை அங்கே வேரூன்றியது. (தவணை தவறினால் கருவி தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு மட்டும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.)

வங்கதேசத்தில் வீட்டு சோலாருக்காக 2003-இல் தொடங்கிய கடன் திட்டம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டியது. தவணை வாங்க வீடு தேடி வந்த தொழில்நுட்பப் பணியாளரே பழுதையும் பார்த்ததை அதன் முக்கியக் காரணங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன். பின்னர் மின்கம்பிகள் வேகமாக நீண்டன, சோலார் கருவிகளின் இலவச விநியோகமும் சேர்ந்துகொண்டது, விற்பனை சரிந்தது. ‘நாளை கம்பி வந்துவிடும்’ என்று நம்புபவர் இன்று ஏன் கடன் வாங்கப் போகிறார்?

ஆகவே மானியத்தின் ஒரு பகுதியையாவது நான்காம் ஆண்டில் வரப்போகும் பேட்டரிச் செலவுக்கும், கூப்பிட்ட மறுநாளே வரக்கூடிய பழுதுபார்ப்பவரின் சம்பளத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறேன். அறிக்கைகளிலும், பொருத்திய கூரைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அவற்றில் எத்தனை வீட்டில் இன்றும் விளக்கு எரிகிறது என்ற எண்ணிக்கையை அச்சிடட்டும்.