தப்பைச் சொன்னவன் சம்பளத்தில் கை வைத்துவிட்டு என்ன புதுமை பேசுகிறீர்கள்?

தவறுகளை வாய்ப்பாக மாற்றுங்கள் என்று கம்பெனிக்குக் கம்பெனி வகுப்பு எடுக்கிறார்கள். எந்த வகுப்புக்குப் போனாலும் அந்த மஞ்சள் ஒட்டுச்சீட்டு கதை வந்துவிடும். நல்ல கதைதான், ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

த்ரீ எம் கம்பெனியில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் பலமான பசை தயாரிக்கப் போனார். கிடைத்ததோ, லேசாக ஒட்டி, இழுத்தால் கையோடு வந்துவிடும் பசை. அதை அவர் ஒளித்து வைக்கவில்லை. வருஷக்கணக்கில் கம்பெனிக்குள் ஆளாளுக்குக் காட்டிக்கொண்டே திரிந்தார். 1974-ல் ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியருக்கு, சர்ச் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த சீட்டு விழாமல் நிற்க அந்தப் பசை உதவும் என்று தோன்றியது. அப்படிப் பிறந்த ஒட்டுச்சீட்டு (போஸ்ட்-இட்) அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-ல். பன்னிரண்டு வருஷம்! வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவழிக்கலாம் என்ற வழக்கம் அங்கே இருந்தது. சில்வர் 1996-ல் அதே கம்பெனியிலிருந்துதான் ஓய்வு பெற்றார். இந்தப் பாதியை எந்த வகுப்பிலாவது சொல்லியிருக்கிறார்களா?

எங்கள் திருப்பூரில் நடப்பதைச் சொல்கிறேன். குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர். மார்பில் ஒரு யானைக்குட்டி பிரிண்ட். மை இறங்கும் வலைச்சட்டமான ஸ்க்ரீனில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்து, ஒவ்வொரு பீஸிலும் தும்பிக்கைக்கு மேலே ஒரே இடத்தில் நீலப் புள்ளி. பிரிண்டிங் டேபிளில் நின்ற தம்பி அதைக் கவனித்ததும் வேலையை நிறுத்திவிட்டு, தானே போய் சூப்பர்வைசரிடம் சொன்னான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். அதுவரை அடித்த கட்டுகள் மொத்தமும் செகண்ட்ஸ், அதாவது குறையுள்ள சரக்கு, என்று ஒதுக்கப்பட இருந்தன.

செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒரு பீஸை விரித்து வைத்துப் பார்த்தார். கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்து வட்டமாக வெட்டி, புள்ளியின் மேல் வைத்தார். “ஏனுங்க, யானை பந்து விளையாடற மாதிரி இருக்குதல்லங்க?” அவ்வளவுதான். துண்டுகளை இணைக்கும் ஓவர்லாக் தையலுக்குப் போகும் முன்பே அந்த வட்டத் துணியை அப்ளிக்காக மேலே வைத்துத் தைத்து, ஆர்டர் கொடுத்த பையருக்கு போட்டோ அனுப்பினோம். ஒப்புதல் வந்தது. அடுத்த ஆர்டரில் எல்லா பீஸிலும் அந்தப் பந்து வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.

சனிக்கிழமை சம்பளம் போட்டார்கள். அந்தத் தம்பிக்குப் பிடித்தம். காரணம், ‘பீஸ் டேமேஜ்’. எது டேமேஜ்? எல்லா பீஸும் முழு விலைக்குக் கப்பல் ஏறிவிட்டதே! அக்காவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சாம்பிள் ரூமில் தொங்கும் அந்த பீஸை, ஐடியா தன்னுடையது என்று மேனேஜர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். வயிறு எரியாதா?

இது சட்டப்படியும் தப்பு. தொழிலாளியிடம் விளக்கம் கேட்காமல் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, உண்மையான நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது என்று 1936-ன் ஊதிய வழங்கல் சட்டமே சொல்லியிருக்கிறது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. நஷ்டமே இல்லாத இடத்தில் எந்தக் கணக்கில் பிடித்தீர்கள்?

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அடுத்த ஆர்டரில் பிரிண்ட் சரியாகக் காயாமல், லேசாக இழுத்தாலே வெடித்தது. டேபிளில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? தையல், அயர்ன், பேக்கிங் எல்லாம் முடிந்து அட்டைப்பெட்டிக்குள் போய், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் 2.5 ஏக்யூஎல்-லில் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற வரம்பு) ஃபெயில். மொத்தப் பெட்டியையும் பிரித்துப் பார்த்தார்கள். தேறியது, கப்பலுக்கு நேரம் இல்லாமல், விமானத்தில் போனது. தேறாதது, கழிந்த சரக்கு விற்கும் காதர்பேட்டை சந்தைக்கு, வந்த விலைக்குப் போனது. டேபிளிலேயே தெரிந்திருந்தால் அக்கா மாதிரி யாராவது ஒரு வழி சொல்லியிருப்பார்கள். குறைந்தபட்சம், மீதி பீஸ்களையாவது ஒழுங்காகக் காய வைத்திருக்கலாம். பெட்டியை ஒட்டி மூடிய பிறகு எந்தக் கற்பனையை வைத்து என்ன செய்வது?

டொயோட்டா தொழிற்சாலையில் கோளாறைப் பார்த்த தொழிலாளி தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். லீடர் ஓடி வருவார், தேவைப்பட்டால் லைனே நிற்கும். இழுத்ததற்காகச் சம்பளம் குறையாது. இங்கே அப்படி ஒரு கயிற்றைக் கட்டி விட்டாலும், சனிக்கிழமைப் பிடித்தம் இருக்கும்வரை ஒருத்தரும் அதைத் தொடமாட்டார்கள். இது கூடவா புரியவில்லை?

வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து வகுப்பு நடத்தக் காசு இருக்கிறது. அந்தத் தம்பியிடம் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க மட்டும் இல்லையா? வரும் சனிக்கிழமை அந்தப் பணம் அவன் கைக்கு வர வேண்டும். பந்து வைத்த டிசைனுக்கு எதிரே சாம்பிள் ரிஜிஸ்டரில் அக்காவின் பெயரை எழுதுங்கள். மேனேஜர் கையாலேயே எழுதட்டும்.